சென்னை மால்கள்ல குழந்தைக்கு பால் கொடுக்க வசதியான இடம் எங்க இருக்கு?

அக்காங்க, தோழிகளே, ஒரு உதவி வேணும். என் பொண்ணுக்கு நாலு மாசம் ஆகுது, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம்னு டாக்டர் சொல்லிருக்காங்க, அதனால வெளிய போனாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் கொடுத்தே ஆகணும். போன வாரம் ஒரு மால்ல அவ பசில வீறிட்டு அழுவுறா, எங்க கொடுக்கலாம்னு கேட்டா லேடீஸ் டாய்லெட்ட கைகாட்டுறாங்க. நாம யாராச்சும் டாய்லெட்ல உக்காந்து சாப்பிடுவோமா? கடைசில ஒரு துணிக்கடை ட்ரயல் ரூம்ல ஸ்டூல் மேல உக்காந்து கொடுத்தேன், வெளிய கதவ தட்டிட்டே இருந்தாங்க, புள்ள அரை வயித்தோட தூங்கிருச்சு. மனசே ஆறல. 2015லயே நம்ம பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தாங்க, இவ்ளோ பெரிய மால்ல ஒரு ரூம் ஒதுக்க முடியாதா?

தம்பி கல்யாணத்துக்கு துணி எடுக்கணும். வேளச்சேரி பீனிக்ஸ், ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, அண்ணாநகர் விஆர் மால், இதுல எங்க ஃபீடிங் ரூம் இருக்கு, எந்த ஃப்ளோர், உள்ள தாழ்ப்பாள் போடலாமா, சாஞ்சு உக்கார்ற மாதிரி சேர் இருக்கா (சிசேரியன், இன்னும் முதுகு வலி விடல), டயப்பர் மாத்த தனி இடம் உண்டா? சமீபத்துல கைக்குழந்தையோட போனவங்க சொல்லுங்க ப்ளீஸ், ஞாயித்துக்கிழம கிளம்புறோம்.