டுபுஜி பலகைப் பாதை: சக்கர நாற்காலி எதுவரை போகும்?
ஆஸ்திரேலியாவின் டெயின்ட்ரீ மழைக்காட்டுக்குப் போய்வந்தவங்க உதவுங்க. கேப் டிரிபுலேஷன் பக்கத்து டுபுஜி மரப்பலகைப் பாதை 1.2 கி.மீ. சுற்று; சமதளம், முக்கால் மணி நேரம் போதும். சந்தேகம் மையால் கடற்கரைக்குப் பிரியற இடத்துலதான். பலகை முடிஞ்சு மணல் வந்தா, சாதாரண சக்கர நாற்காலியோட சின்ன முன்சக்கரம் புதைஞ்சிடும். பின்பக்கமா இழுத்தால்தான் நகரும். அங்க படியா, சரிவா? மணல் இறுகலா இருக்குமா? மழைக்குப் பிறகு பலகை பாசி பிடிச்சு வழுக்குமா?

வழியில வர்ற டெயின்ட்ரீ ஆற்றைக் கேபிள் படகுல (கம்பியைப் பிடிச்சு நகர்ற படகு) தாண்டிட்டா செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது, அதனாலதான் இப்பவே கேட்கிறோம். கடல்ல இறங்கற எண்ணம் இல்ல (முதலை, நவம்பர்–மே ஜெல்லிமீன் வேற). கொக்கிமுள் பிரம்பு பாதைக்குள்ள நீட்டிக்கிட்டிருந்தா அதையும் சொல்லுங்க.