மூடி இறுகுகிறது, சுவரில் சில்லுச் சில்லாக உதிர்கிறது: மண் செப்பில் என்ன பிழை?

கூழ்ப்பானை:
வணக்கம். அம்மம்மா இந்த வருஷம் மாசியில் காலமானார். அவருடைய பாக்குவெட்டி, ஒற்றைத் தோடு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த இரண்டு ரூபாய்க் குத்தி, இவ்வளவையும் வைக்க மூடியோடு ஒரு மண் செப்புச் செய்தேன். அவருடைய சாமானை பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் போட மனம் வரவில்லை.

களி, ஆவணியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கம் ஒரு குளம் துப்புரவாக்கினபோது கரையில் கொட்டிக் கிடந்தது, கேட்டு எடுத்து வந்தேன். கல், வேர் பொறுக்கி, ஊறவைத்து, மிதித்துக் குழைத்தேன். சக்கரம் இல்லை, கையால் திரித்து வளையம் வளையமாக அடுக்கினதுதான். செப்பை ஒரு சனிக்கிழமை செய்தேன், மூடியை அடுத்த சனிக்கிழமை. விறாந்தையில் காயவிட்டு, புரட்டாதிக் கடைசியில் பானை சுடுகிற ஒரு அண்ணையிடம் கொடுத்தேன். தன் சட்டிகளோடு சேர்த்து விறகுச் சூளையில் சுட்டுத் தந்தார்.

இப்போது இரண்டு தலையிடி. செப்பின் வாய் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் 158 மில்லிமீற்றர், குறுக்கே 163. மூடியின் உள்விளிம்பு 160. ஆகவே பாதி இறங்கி இறுகி நிற்கிறது. அதைக்கூடப் பொறுக்கலாம். மழை தொடங்கி ஒரு கிழமைக்குள் சுவரிலிருந்து சின்னவிரல் நகம் அளவில் சில்லுகள் கழன்று விழுகின்றன. கழன்ற ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவில் அரிசிமா ஒட்டினது மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. நேற்று இரவு ‘டிக்’ என்று சத்தம் கேட்டு எழும்பிப் பார்த்தால் மூடிக் குமிழுக்குக் கீழே புதிதாக ஒன்று. யாரும் தொடவில்லை. நான் குழைத்தது போதாதா?

பனையடி:
மூடிக்கு உப்புத்தாள் போதும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. 160ஐ 156 ஆக்கினால் இறங்கிவிடும். சில்லு விழுகிறது ஏன் என்று எனக்கும் அறிய ஆசை.

ரொறன்ரோக் குளிர்:
நான் இங்கே ஒரு வகுப்பில் செய்கிறேன். ஸ்ரோன்வேர் என்கிற, கூடின சூட்டில் சுடுகிற களி வாங்கி எலெக்ட்ரிக் சூளையில் 1220 பாகை வரை சுட்டால் இந்தப் பிரச்சினையே வராது, தண்ணீரும் ஊறாது. உங்கள் களியையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்களேன்?

சூளைப்புகை:
தம்பி, குளக்களியை 1220க்குக் கொண்டுபோனால் செப்பு உருகிச் சூளைத் தட்டில் அப்பமாய்க் கிடக்கும். பிறகு தட்டுக்கும் காசு கட்ட வேண்டும்.

பிள்ளை, குழைத்ததில் பிழை இல்லை. களிக்குள் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடே அந்தக் கல்லின் மேல்தான் கிடக்கிறது, காங்கேசன்துறைச் சீமெந்துக்கு வெட்டினதும் அதைத்தான். களியில் அது குருணி குருணியாகக் கலந்திருக்கும், எவ்வளவு பொறுக்கினாலும் சிலது கண்ணுக்குத் தப்பும். சூளையில் 800 பாகையைத் தாண்டும்போது அந்தக் குருணி வெந்து நீறாத சுண்ணாம்பாகும். அப்போது ஒன்றும் தெரியாது. மழைக்காலத்து ஈரக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத்தான் நீறத் தொடங்கும், நீறும்போது ஊதும். சுட்ட சிப்பிக்குத் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொங்கிப் பூக்குமே, அதுதான் உங்கள் செப்புச் சுவருக்குள் நடக்கிறது. ஊத இடமில்லாததால் மேல் சில்லைத் தள்ளிவிடுகிறது. அம்மம்மா வெற்றிலைக்குத் தடவின அதே சுண்ணாம்பு.

மிச்சக் களி இருந்தால் காய்ந்த கட்டி ஒன்றை உடைத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். வெள்ளைக் குருணி இருக்கிற இடத்தில் நுரைக்கும்.

கூழ்ப்பானை:
ஐயா, நுரைத்தது! பாசிப்பயறில் பாதி அளவுக் குருணி, ஒரு கட்டிக்குள்ளேயே ஆறு ஏழு. இந்தச் செப்பைக் காப்பாற்ற வழி இருக்கிறதா, இல்லை திரும்பவும் முதலிலிருந்தா?

சூளைப்புகை:
திரும்பச் சூளையில் வைத்து, கை பொறுக்கிற சூடாக ஆறினதும் எடுத்து உடனே தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி வைக்கலாம். தண்ணீர் நிறையக் கிடைத்தால் சுண்ணாம்பு ஊதாமல் களிம்பாகி இளகிவிடும், செங்கல்லுக்கும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் குருணி அவ்வளவு பெரிதென்றால் நான் நம்பமாட்டேன். புதிதாகச் செய்யுங்கள்.

களியைக் கூழ் மாதிரிக் கரைத்து மா அரிக்கிற அரிதட்டில், இருக்கிறதில் நெருக்கமான கண்ணாகப் பார்த்து, வடியுங்கள். நுளம்பு வலை போதாது, கண் பெரிசு. அடைந்த பிறகு மேல் தண்ணீரை இறுத்து, பழைய வேட்டியில் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டால் நாலைந்து நாளில் குழைக்கிற பதம் வரும். முதலில் தட்டையாக ஒரு சின்னத் துண்டு செய்து அதில் 10 சென்ரிமீற்றர் கோடு கீறிச் சுடுங்கள். கோடு 9 ஆக வந்தால் நூற்றுக்குப் பத்துச் சுருங்குகிறது. அப்போது உள்ளே 17 வேண்டுமென்றால் பச்சையில் ஏறக்குறைய 19 வைக்க வேண்டும்.

மூடியைத் தனியாக இன்னொரு நாளில் செய்ததுதான் மற்றப் பிழை. ஒரே உருண்டைக் களி, ஒரே நாள், ஒரே தடிப்பு. வாயையும் உள்விளிம்பையும் ஈரத்திலேயே அளந்து, இடையில் ஒன்று ஒன்றரை மில்லிமீற்றர் விட்டு, கடதாசிக் கீலம் ஒன்று சுற்றி மூடியபடி காயவிடுங்கள். சுடும்போதும் மூடியபடியே இருக்கட்டும், மேற்பூச்சு இல்லாததால் ஒட்டாது. ஆவணியில் விறாந்தையில் வைத்தேன் என்கிறீர்கள், சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது? அந்தப் பக்கம் முதலில் காய்ந்து இழுத்திருக்கும், அதுதான் வாய் முட்டை மாதிரிப் போயிருக்கிறது. அறைக்குள் பொலித்தீன் போர்த்து மெதுவாகக் காயவிடுங்கள்.

பனையடி:
பாக்குவெட்டி இரும்புதானே? மண் செப்பு ஈரத்தை இழுக்கும். தையல் மெசின் எண்ணெய் தடவிச் சீலையில் சுற்றி வையுங்கள், சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சிலிக்கா ஜெல் பையையும் உள்ளே போடுங்கள்.

கூழ்ப்பானை:
கார்த்திகை முடிகிறது, நிலவரம் சொல்ல வந்தேன். அரித்த களியில் செய்த துண்டு 9.1 வந்தது. சுட்டுப் பன்னிரண்டு நாளாகக் கிணற்றடியில் மழையில் போட்டிருக்கிறேன், ஒரு சில்லும் கழரவில்லை. அரிதட்டில் தங்கின குருணியை அண்ணையிடம் காட்டினேன், சிரித்துவிட்டுத் தானும் இனி அரிக்கிறேன் என்றார். தைப்பொங்கல் கழிந்து அடுத்த சூளை வைக்கிறாராம், செப்பு இப்போது அலுமாரிக்குக் கீழே பொலித்தீனுக்குள் மூடியோடு காய்கிறது. பழையதை எறியவில்லை. அம்மா அதற்குள் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.