சினிமாப் பாட்டை ஆல்பமாகக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பஸ் பயணி:
தினமும் பாளையிலிருந்து வள்ளியூருக்கு பஸ். ஏறியதும் ஹெட்செட்டை மாட்டி ஷஃபிளில் போட்டுவிடுவேன். நாங்குநேரி வருவதற்குள் இருபது பாட்டைத் தள்ளியிருப்பேன், கடைசி வரை கேட்டது இரண்டு இருந்தால் அதிகம். கூட வேலை பார்க்கிறவர், "முழு ஆல்பமா கேளுடே, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்கிறார். ஆனால் படத்தில் பாட்டு வருகிற வரிசை ஒன்று, கேசட்டில் அச்சடித்த வரிசை இன்னொன்று, சில பாட்டு படத்திலேயே இருக்காது. இதில் எதை ஆல்பம் என்று முழுசாகக் கேட்பது?

மைக்செட் பேரன்:
தனிப்பாட்டுதான் தம்பி. தாத்தா கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும், பாட்டையும் அந்த அளவுக்குத்தான் வெட்டித் தைத்தார்கள். எல்பி என்கிற நீளமான இசைத்தட்டு வந்த பிறகு ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடியது, சரி, ஆனால் கோயில் கொடை விழாவுக்கு அதை அப்படியே ஓட விட்டால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? விடிகாலையில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் முருகன், வெயில் ஏறினால் தத்துவம், ராத்திரி பந்தல் காலியானதும் சோகம். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தே அவருக்கு விரல் கோணிப்போச்சு என்பாள் பாட்டி. பாதி பொய்.

அம்பை அத்தை:
அண்ணாச்சி, உங்கள் தாத்தா நேரம் பார்த்து வரிசை போட்டிருக்கிறார், அதுதானே ஆல்பம்! அதே கொடையில் வில்லுப்பாட்டை யோசியுங்கள். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் பாடிய பிறகுதான் கதை. சுடலைமாடன் கதை மெல்ல ஏறி, உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கிற இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி என் மகன் போனில் அனுப்பினான். வெறும் சத்தம்.

எட்டயபுரத்தில் அடங்கிய முத்துசுவாமி தீட்சிதரின் கமலாம்பா நவாவரணம் என்கிற கீர்த்தனை வரிசையும் அப்படித்தான். தோடி ராகத்தில் தியானக் கீர்த்தனை, ஒன்பது ஆவரணக் கீர்த்தனை, ஸ்ரீராகத்தில் மங்களம், மொத்தம் 11. ஒன்றை மட்டும் எடுத்துப் பாடினாலும் நன்றாகத்தான் இருக்கும் (நானே பாடுவேன்), ஆனால் வரிசையாகக் கேட்டு வந்து கடைசி ஆவரணத்து ஆகிரி ராகம் முடிந்து ஸ்ரீ தொடங்குகிற அந்த இடம் இருக்கிறதே, அது தனியாகக் கேட்டால் கிடைக்காது. சினிமாவுக்கு இது ரொம்பப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன்.

அறுபது நிமிடம்:
எங்கள் காலத்தில் ஜங்ஷனில் ரெக்கார்டிங் கடை. துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைசியில் இடம் மிஞ்சினால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொருகிவிடுவார், அது பாதியில் அறுந்து நிற்கும். இன்றைக்கும் டீக்கடையில் அந்த ஆறாவது பாட்டு முடிந்தால், சொருகின பாட்டின் முதல் தபேலா தட்டு எனக்குள் தானாகத் தொடங்கிவிடுகிறது. வேறு படம், வேறு இசையமைப்பாளர், ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆகவே தம்பி, படத்தையும் கேசட் அட்டையையும் விடுங்கள். பன்னிரண்டு பாட்டை நீங்களே எழுதி வையுங்கள். ஒரு மாதம் வரிசையை மாற்றக் கூடாது, எதையும் தள்ளக் கூடாது.

பஸ் பயணி:
சரி, திங்கட்கிழமை முதல் பார்க்கிறேன். அந்தச் சொருகின பாட்டு எது அண்ணாச்சி?

அறுபது நிமிடம்:
சொன்னால் சிரிப்பீர்கள். அதன் இரண்டாவது சரணம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.