வன்னியில் கல்யாணக் கண்காட்சி நடத்தியவர்களும் போனவர்களும்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

பரந்தன், மணவறைச் சோடனை

ஆனி மாதம் கிளிநொச்சியில் நடந்த கண்காட்சியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். மண்டபம் நிறைந்த கதையை நான் திரும்பச் சொல்லவில்லை. நடத்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் இரவில் படுத்தால் ஒரு முகம்தான் கண்ணுக்குள் வருகிறது.

இரண்டாம் நாள் மத்தியானம், சனம் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்த நேரம். ஓர் அம்மா மகளோடு வந்து என் மணவறைக்கு முன்னால் நின்றார். மகள் கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள். அம்மா விலை கேட்கவில்லை. குனிந்து, கதிரையின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார். மூன்று சாணும் நான்கு விரலும் வந்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, இந்தச் சோடிக் கதிரையை மட்டும் ஒரு நாளைக்குத் தருவீர்களா? மிச்சத்தைப் பிள்ளைகளே வாழை கட்டி, குருத்தோலைத் தோரணம் பின்னிச் செய்துவிடுவார்கள்."

நான் மூன்றரை லட்சம் பக்கேஜையும் இரண்டு லட்சம் பக்கேஜையும் காட்டினேன். தனியாகக் கொடுப்பதில்லை என்றேன். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அப்படித்தான் முடிவெடுத்திருந்தோம். அவர் துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்து, அடையாள அட்டை வைத்திருந்த சின்னப் பைக்குள் பத்திரமாக வைத்தார். "ஆவணியில் எழுத்தும் தாலிகட்டும் ஒரே நாளில் வைத்திருக்கிறோம்" என்று நான் கேட்காமலே சொன்னார். எழுத்து என்றால் விவாகப் பதிவு. விசுவமடுப் பக்கம் என்று மகள் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு என் களஞ்சிய அறையில் நான்கு சோடிக் கதிரை சும்மா கிடந்தது.

முள்ளியவளை, அச்சகம்

எனக்கு உறுத்துவது எங்கள் பக்கத்துக் கண்காட்சி ஒன்றின் திகதி. வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் சனத்தைப் பிடிக்க வேண்டும் என்று மே மாதம் மூன்றாம் ஞாயிறைக் குறித்துவிட்டார்கள். குறித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். நான் இந்த ஊர்க்காரன், மூவாயிரம் துண்டுப்பிரசுரத்தை அச்சடித்துக் கட்டும் வரை நானும் வாய் திறக்கவில்லை. வேலை வந்ததே என்ற சந்தோசம்.

ஒரு கட்டை எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்பு வீதியில் கடை கடையாகக் கொடுத்துக்கொண்டு போனேன். ஒரு சின்னக் கடை வாசலில் மூன்று கல் வைத்து, பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சி. முள்ளிவாய்க்கால் கஞ்சி, 2009 இல் போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சி. ஏன் அந்த வாரத்தில் காய்ச்சுகிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அகப்பையோடு நின்ற அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கினார். பொன்னிற எழுத்து, ரோசாப்பூ, சிரிக்கும் சோடி. திகதியை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாளைக் குப்புறக் கவிழ்த்து உப்புப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு எனக்கும் ஒரு சிரட்டை கஞ்சி ஊற்றித் தந்தார்.

குடித்துவிட்டு நேரே போய்த் திகதியை மாற்றச் சொன்னேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த பிறகு வைத்தார்கள். மூவாயிரம் தாளும் என் கணக்கில் போனது. அந்தக் காசு எனக்குப் பொருட்டில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் யார் எந்தக் கண்காட்சி வைத்தாலும் மே 18 ஐ ஒட்டிய இரண்டு வாரத்தைத் தொடாதீர்கள். 2009 இற்குப் பிறகு இந்த மண்ணில் அந்த நாட்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

வவுனியா, புகைப்படம், வீடியோ

பரந்தன் தம்பி, உங்கள் மனம் புரிகிறது. ஆனால் கணக்கையும் பாருங்கள். மண்டப வாடகை, மின்பிறப்பாக்கிக்கு டீசல், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, பனருக்குப் பிரதேச சபைக் கட்டணம் எல்லாம் போக, எனக்கு ஒரு காட்சிக்கூடம் இருபத்தைந்தாயிரம் ரூபா விழுந்தது. ஒரு சோடிக் கதிரையை லொறியில் ஏற்றி, விசுவமடுவில் இறக்கி, மறுநாள் திரும்ப எடுக்க இரண்டு ஆள் கூலி வேண்டும். பக்கேஜ் இல்லாமல் தொழில் நிற்காது.

என்னுடைய சம்பவம் வேறு. மேசையில் என் நல்ல அல்பம் ஒன்றை விரித்து வைத்திருந்தேன். அதே படத்தை முகநூலில் காசு கட்டி விளம்பரமும் போட்டிருந்தேன். கூறைச் சேலையோடு மணப்பெண் நிறைகுடத்தைப் பார்த்துக் குனியும் படம். நான் எடுத்ததில் அதுபோல் இன்னொன்று இல்லை. ஓர் இளைஞன் வந்தான். பக்கம் புரட்டினான், அந்தப் பக்கத்தில் நின்றான். சத்தம் போடவில்லை. உள்ளங்கையை விரித்து, படத்தில் இருந்த தன் தங்கையின் முகத்துக்கு மேல் வைத்தான். எனக்குப் பின்னால் நின்ற ஆட்கள் பார்த்துவிட்டு நகரும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. "அண்ணா, இதை வைப்பதற்கு நீங்கள் யாரைக் கேட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டான்.

நான் யாரையும் கேட்கவில்லை. எடுத்தவன் நான், படம் எனது என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். அன்றிலிருந்து முற்பணம் வாங்கும் பற்றுச்சீட்டிலேயே, படத்தை வெளியில் காட்டலாமா என்று பெண்ணிடம் தனியாகவும் மாப்பிள்ளையிடம் தனியாகவும் கையொப்பம் வாங்குகிறேன். அந்தப் பொடியனின் கை மட்டும் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மல்லாவி, இரண்டு பெண்களின் தகப்பன்

வவுனியாத் தம்பி கணக்குச் சொல்கிறார். உங்கள் கணக்கு நிமிர்வதற்கு நீங்கள் யாரை உள்ளே விட்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் போன கண்காட்சியில் வாசலில் நகைக்கடை, அதற்கு அடுத்த மேசை கடன் கொடுக்கும் கம்பனி. பெயர் வேண்டாம். அடையாள அட்டையும் இரண்டு பிணையாளிகளும் இருந்தால் போதும், கல்யாணச் செலவுக்குக் கடன். மேசையில் இனிப்புத் தட்டு வேறு.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை நின்றாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. தாலிக்கொடி பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒன்பது பவுனில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று விலை எழுதிய துண்டு கையில். அந்தத் துண்டைக் கடன் மேசையில் வைத்தாள். மேசைக்காரர் கணிப்பானைத் தட்டி அவள் பக்கம் திருப்பினார். அவள் மாதத் தொகையைப் பார்க்கவில்லை, எத்தனை மாதம் என்பதைத்தான் விரல் விட்டு எண்ணினாள். பிறகு அடையாள அட்டையை எடுத்தாள்.

நான் ஏன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை? முன்பின் அறியாத பிள்ளை, எனக்கு என்ன உரிமை என்று நின்றுவிட்டேன். நுண்கடனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாட்டைக் கண்டவன் நான். கிழமை தவறாமல் வாசலில் வந்து நின்றவர்களைக் கண்டவன். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அதற்குப் பிறகும் கல்யாணம் பார்க்க வரும் பிள்ளைக்கு முன்னால் அந்த மேசையைப் போடுகிறீர்கள். ஒரு மேசை வாடகைக்காக.

கிளிநொச்சி, மணப்பெண் அலங்காரம்

மல்லாவி ஐயா சொன்னதை வாசித்துக் கண் கலங்கியது. என் கதை சிறியது. விளம்பரத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவைப் பிடித்தோம். எங்கள் பகுதியில் மரண அறிவித்தலுக்கும் அதே ஓட்டோதான், அதே குரல்தான். தர்மபுரத்தில் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஒரு முதியவர் சேட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி படலைக்கு ஓடி வந்து, "செத்தது யார், பிள்ளை?" என்று கேட்டார். கல்யாணக் கண்காட்சி ஐயா என்றேன். படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அன்றோடு ஒலிபெருக்கியை விட்டேன்.

இனி நடத்த நினைப்பவர்களுக்காகச் சிலதைச் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். முகநூலை மட்டும் நம்பாதீர்கள். முகநூலில் பார்ப்பவர் பிள்ளை, செலவுக்குத் தலையாட்டுபவர் தாய். தாயைப் பிடிக்க வேண்டுமானால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள், காலையில் பால் சேகரிக்கும் இடத்துக்குப் போங்கள், அரிசி ஆலைக்குப் போங்கள். முறிகண்டியில் கச்சான் விற்கும் அக்காமாரிடம் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுங்கள். ஏ9 இல் போகிற பஸ் எல்லாம் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும், கச்சான் சரையோடு உங்கள் தாளும் ஊர் ஊராகப் போகும். நாங்கள் அப்படிக் கொடுத்த தாளோடு மாங்குளத்திலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

காலம் இன்னும் முக்கியம். ஆடியில் கல்யாணம் இல்லை என்று கண்காட்சியையும் ஆடியில் வைக்க மாட்டார்கள். நான் ஆடியில்தான் வைக்கச் சொல்வேன். ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்டில். நல்லூர்த் திருவிழாவுக்கும் மடுத் திருவிழாவுக்கும் என்று வந்த மாமாவும் சித்தியும் அப்போது இங்கே நிற்பார்கள். அரைவாசிக் கல்யாணத்தின் செலவு அவர்கள் கையில். ஓகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்துவிடும், முகூர்த்தம் தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் காலபோக நெல் வெட்டி விற்ற பிறகு, மாசிக் கடைசியில் வையுங்கள். மார்கழியில் வைத்தால் வயலில் தண்ணீர், கையில் காசில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள்.

காட்சிக்கூடங்களில் ஒன்றைப் பணம் வாங்காமல் விவாகப் பதிவாளருக்குக் கொடுங்கள். எங்களிடம் வந்தவர்கள் அதிகம் கேட்டது மேக்கப் விலையை அல்ல. எழுத்துக்கு என்னென்ன பத்திரம் வேண்டும், இடம்பெயர்ந்தபோது தொலைந்த பிறப்புச் சான்றிதழை எங்கே எடுப்பது என்பதைத்தான் கேட்டார்கள். பவுடர் பூசிய கையோடு நான் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். தாலிக்குப் பொன் உருக்கும் நாளுக்கு முதல் நாள் வரை சான்றிதழுக்கு அலைந்த பெண்ணுக்கு அலங்காரம் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த ஒரு மேசைக்காகவே சனம் வரும்.

அடம்பன், மன்னார்

அக்கா, மாசிக் கடைசி என்கிறீர்கள். அது கத்தோலிக்கரான எங்களுக்குத் தவக்காலம். தவக்காலத்தில் வைத்த கண்காட்சி ஒன்றுக்கு எங்கள் பங்கிலிருந்து நானும் அக்காவும் மட்டும்தான் போனோம். உள்ளே சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். எல்லாம் மணவறை, அக்கினி, நாதஸ்வரம். வெள்ளைச் சேலை ஒன்று எங்காவது இருக்கிறதா என்று அக்கா தேடினாள். கடைசி மூலையில் பொம்மைக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள், விலைச் சீட்டே இல்லை. கேட்டபோது, "அது காட்சிக்கு மட்டும், தங்கச்சி" என்றார்கள். கோயிலில் கல்யாண அறிவித்தல் ஓலை வாசித்துத்தான் நாங்களும் கல்யாணம் கட்டுகிறோம், நாங்களும் வன்னிதான்.

முள்ளியவளை, அச்சகம்

மன்னார்த் தங்கச்சி சொல்வது நியாயம். நான் அடித்த எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் சிலுவை இருந்ததில்லை, பிறையும் இருந்ததில்லை. இவ்வளவு நாளும் அது என் கண்ணில் படவே இல்லை. கிளிநொச்சி அக்கா, பதிவாளர் மேசையை எழுதி வைத்துக்கொண்டேன்.

பரந்தன், மணவறைச் சோடனை

வவுனியா அண்ணா, லொறிக் கணக்கு எனக்கும் தெரியும். இரண்டு மாதமாக அதையே போட்டுப் பார்த்தேன். விசுவமடு, தர்மபுரம் பக்கம் ஒரே நாளில் இரண்டு வீடு கிடைத்தால் கூலி பாதியாகும். சின்ன லொறி வைத்திருக்கும் மச்சான் ஒருவன் சம்மதித்துவிட்டான். அடுத்த தையில் என் கூடத்தில் பக்கேஜ் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு மட்டை வைக்கிறேன். சோடிக் கதிரை 2,500, குத்துவிளக்குச் சோடி 1,000, நிறைகுட மேசை 500. எழுதி முடித்துவிட்டேன். மல்லாவி ஐயா, கடன் மேசை வந்தால் நான் வரமாட்டேன் என்று குழுவில் சொல்லியாயிற்று. மூன்று பேர் என்னோடு நிற்கிறார்கள், மற்றவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த அம்மாவைத் தேடி விசுவமடுவில் இரண்டு கடையில் கேட்டேன். மூன்று சாண், நான்கு விரல் என்பதைத் தவிர என்னிடம் அடையாளம் ஒன்றும் இல்லை. ஆவணி முடிந்து இரண்டு மாதமாகிறது.