மைகார்ட்டா பிடி வழுக்குகிறது, ஓரமும் பிரிகிறது: ஜி10க்கு மாறலாமா?

முத்துநகர் மெஸ்:
வணக்கம். தூத்துக்குடியில் சிறிய மெஸ் நடத்துகிறேன். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ மீனை என் கையால்தான் வெட்டுகிறேன். ஏழு மாதம் முன்பு மகன் ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தான். பிடி, கித்தான் துணியும் பிசினும் சேர்ந்த மைகார்ட்டா பலகை. வந்தபோது கண்ணாடி போல மினுங்கியது. இப்போது சீலாவின் நடுமுள்ளில் அழுத்தினால் பிடி உள்ளங்கைக்குள் திரும்பிக்கொள்கிறது. நேற்று கை அலகுவரை நழுவிவிட்டது, நல்லவேளை, காயமில்லை.

இன்னொன்று. பிடிக்கும் எஃகுக்கும் நடுவே சிவப்புக் கோடு ஒன்று ஓடும். அது உப்பிவிட்டது, நகத்தால் வருடினால் தட்டுகிறது. கழுவி நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் துருநிறத்தில் ஒரு சொட்டு கசிந்து நிற்கிறது. இளம் பழுப்பாக இருந்த பிடியும் கறுத்துவிட்டது. ஜி10 என்ற கண்ணாடியிழைப் பலகைப் பிடிக்கு மாற்றச் சொல்கிறார்கள். இந்தப் பொருளே மட்டமா?

இரும்புப் பட்டறை:
அக்கா, இரண்டு விவரம் சொல்லுங்கள். பிடி இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறதா? கத்தியை எப்படிக் கழுவுகிறீர்கள்?

முத்துநகர் மெஸ்:
பளபளப்பு அப்படியே இருக்கிறது தம்பி. கவுச்சி போவதற்காக இரவில் கொதிநீரில் சோப்புத்தூள் கரைத்து ஊறப்போடுவேன். காலையில்தான் எடுப்பேன்.

இரும்புப் பட்டறை:
அப்படியென்றால் மைகார்ட்டாவைக் குறை சொல்லாதீர்கள். நான் பிடி போடும் வேலை செய்கிறேன். இந்தப் பொருளை எனக்கு நன்றாகத் தெரியும்.

துணியையோ காகிதத்தையோ ஃபீனாலிக் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டோடு அழுத்திய பலகைதான் மைகார்ட்டா. 1910 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காக உருவாக்கியது. நம் ஊர் மின்சாரக் கடையில் சுவிட்ச் பலகைக்கு வாங்குகிறோமே ஹைலம் ஷீட், அது இதன் பங்காளி.

உங்கள் பிடியைப் பளபளப்பாக மெருகேற்றியிருக்கிறார்கள். மெருகேற்றினால் துணியின் நூல்முனைகள் மழமழவென்று ஆகிவிடும். மேலே மீன் எண்ணெய் பட்டால் கைக்குப் பிடிமானமே கிடைக்காது. 320 எண் உப்புத்தாளை நனைத்து மெருகைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். நூல்முனைகள் வெளியே தெரிந்தால், ஈரம் பட்டதும் அவை லேசாகப் பருத்துக் கையைக் கவ்வும். முதலில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். கறுத்தது எண்ணெய் ஊறியதால். வலு குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

எனக்குக் கவலை அந்தச் சிவப்புக் கோட்டில்தான். பெரும்பாலும் அது வல்கனைஸ்டு ஃபைபர். பஞ்சுக்கூழ்த் தாளைத் துத்தநாகக் குளோரைடில் பதப்படுத்திச் செய்வது. அழகாக இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஏழு மாதம் இரவுதோறும் இப்படி நடந்தால் பசை விடாமல் என்ன செய்யும்? போதாததற்குக் கொதிநீர். அறைவெப்பத்தில் இறுகும் எபாக்ஸிப் பசைகளில் பல, 60 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டியே இளகத் தொடங்கும். இடுக்கில் தண்ணீர் இறங்கி உள்ளே எஃகு துருப்பிடிக்கிறது. துரு பருத்துப் பிடியை வெளியே தள்ளுகிறது. இதற்கு உப்புத்தாள் உதவாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐஸ் பெட்டி:
அம்மா, நான் ஏற்றுமதி மீன் ஆலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கத்திகளுக்கு ரிவெட்டும் கிடையாது, இடுக்கும் கிடையாது. எஃகைச் சுற்றி பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்த பிடி. அழுக்கு நுழைய வழியில்லை. பார்க்க அழகில்லைதான், ஆனால் மீனுக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை.

பச்சைப்பலகை:
ஜி10 பற்றிக் கேட்டீர்கள். அது கண்ணாடியிழைத் துணியும் எபாக்ஸியும் சேர்ந்தது. எளிதில் தீப்பற்றாத வகையான எஃப்ஆர்4தான் மின்சுற்றுப் பலகைகளுக்கு அடித்தளம். அதை அறுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, வலு அதிகம். ஆனால் அதையும் மெருகேற்றினால் வழுக்கும். சொரசொரப்பாக விட்டாலோ, மணிக்கணக்கில் வெட்டுகிறவருக்கு உள்ளங்கை எரியும். எடையும் கூடுதல்: கன சென்டிமீட்டருக்கு ஜி10 ஏறத்தாழ 1.8 கிராம், கித்தான் மைகார்ட்டா 1.4க்குள். தொட்டாலும் மைகார்ட்டா அளவுக்கு இதமாக இருக்காது. வீட்டில் யாரும் ஜி10ஐ உலர்வாகத் தேய்க்காதீர்கள். கண்ணாடித்தூள் முழங்கை மடிப்பில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். நுரையீரலுக்குள் போவதைச் சொல்லவே வேண்டாம்.

முத்துநகர் மெஸ்:
தம்பி சொன்னபடி வலப்பக்கம் மட்டும் தேய்த்தேன். மினுக்கம் போய், பழைய பாய்மரத் துணி போல நெசவு தெரிந்தது. இன்று ஆறு கிலோ சீலா வெட்டினேன். கை நிறைய எண்ணெய், ஆனாலும் அந்தப் பக்கம் உள்ளங்கையில் ஒட்டி நின்றது. இடப்பக்கம் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. மாலையில் தெரிந்த பட்டறையில் ரிவெட்டைத் துளைத்துப் பிரித்தோம். சிவப்புத் தாள் ஊறிய அட்டை போல விரலோடு வந்துவிட்டது. எஃகில் பின்பக்க ரிவெட்டைச் சுற்றிக் கடுகு கடுகாகத் துருப்பள்ளம். மைகார்ட்டாப் பலகை இரண்டிலும் ஒரு விரிசல்கூட இல்லை. அதையே திரும்பப் போடலாமா?

இரும்புப் பட்டறை:
தாராளமாக. துருவைச் சுரண்டிவிட்டு எஃகையும் பலகையின் உட்புறத்தையும் 80 எண் தாளால் கீறச் சொல்லுங்கள், அசிட்டோனால் துடைத்தபின் கைரேகை படக்கூடாது. நடுவே சிவப்புத் தாள் வேண்டாம். கோடு வேண்டுமானால் மெல்லிய ஜி10 தகடு வைக்கலாம். பசை தடவி ஒட்டியபின் இறுக்கியை (கிளாம்ப்) மிதமாக முடுக்கினால் போதும், அதிகம் நெருக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். பிதுங்கிய பசையை உடனே துடைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். இனி ஊறப்போடாதீர்கள் அக்கா. கவுச்சிக்குச் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும், கழுவியதும் துணியால் துடைத்து வையுங்கள்.

முத்துநகர் மெஸ்:
ஒட்டியாகிவிட்டது தம்பி. இடப்பக்கத்தையும் தேய்த்துவிட்டேன்.