கனடாவிலிருந்து வந்த தூண்டில் சாமான்கள் பெலுஸ் ஆற்றுக்குப் பொருந்துமா?

லிந்தாங்சாலை எழுதியது:
வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் இரவு வேலை பார்க்கிறேன். ஒன்டாரியோவில் இருக்கும் சித்தப்பா மகன் தீபாவளிக்கு வந்தபோது, ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பிடிக்க வைத்திருந்த தன் பழைய சாமான்களை எனக்கே கொடுத்துவிட்டார். ஆறரை அடி மெல்லிய கம்பு, எட்டுப் பவுண்டு இழுவை தாங்கும் தங்கூஸ் நரம்பு, தவிட்டு நிறத்தில் மூழ்கி ஓடும் லூர் (செயற்கை இரை) நான்கு. இரண்டு ஞாயிறு பெலுஸ் ஆற்றில் வீசினேன். முதல் வாரம் வெறுங்கை. போன வாரம் ஒரே ஓர் இழுப்பு. லூர் திரும்பி வந்தபோது மும்முனை முள்ளில் ஒரு முனை ஆணிபோல் நிமிர்ந்திருந்தது. அது செபராவ் என்ற ஆற்றுமீனா? இன்னொன்று: பக்கத்து ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குளத்தில்) தோமான் என்ற பெரிய விரால் வகையின் குஞ்சுக்கூட்டம் இருக்கிறது. அதன் நடுவில் வீசினால் பெரியது கட்டாயம் கடிக்கும் என்கிறார்கள். வீசலாமா?

பழையலயம் எழுதியது:
தம்பி, முள்ளை நிமிர்த்தியது செபராவாகத்தான் இருக்கும். அதன் முதல் அடி அப்படித்தான். முதுகுத்துடுப்பின் கீழே கறுப்புப் பட்டை ஒன்று இறங்கும். அதைப் பார்த்தால் சந்தேகமே வராது.

அந்த லூர் தவிட்டு நிறத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்மால்மவுத் வட அமெரிக்காவின் குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழ்வது. பாறை இடுக்கில் இருக்கும் கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) என்றால் அதற்கு உயிர்; லூரின் நிறம் அதைப் போலத்தான். செபராவ் சிறுமீனைத் துரத்தும் வேட்டைக்காரன். அதனால் சிறுமீன்போல் மின்னும் வெள்ளி நிற ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) வாங்குங்கள். சிற்றோடை வந்து கலக்கும் வாய், விழுந்த மரத்தின் ஓரம், வேகநீர் தணியும் இடம்: இந்த மூன்றிலும் விடியலில் வீசுங்கள். மலையில் மழை பெய்து ஆறு தேநீர் நிறத்தில் ஓடினால் வீட்டிலேயே தூங்குங்கள். கம்பு போதும், மர வேர்களுக்கிடையே எட்டுப் பவுண்டு தங்கூஸ் போதாது.

குஞ்சுக்கூட்டத்தின் மேல் தயவுசெய்து வீசாதீர்கள். வீசினால் கடிக்கும், உண்மைதான். ஆனால் அது பசிக் கடி அல்ல. பிள்ளையைக் காக்கும் கடி. தோட்ட லயத்தில் இருந்த காலத்தில் நானும் அப்படி ஒன்றைப் பிடித்தேன். குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள்; மூச்செடுக்க மேலே வரும்போது தூறல் விழுந்ததுபோல் நீர் பொரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல். பிடித்ததை அம்மா புளிக்குழம்பு வைத்தார். மறுநாள் போனேன். அந்தச் செம்மை கைப்பிடி அளவுகூட இல்லை. சுற்றிலும் வேறு மீன்கள் எகிறிக்கொண்டிருந்தன. அந்தக் குழம்பின் ருசி எனக்கு நினைவில்லை, வெறும் தண்ணீர் நினைவிருக்கிறது.

உங்கள் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்மால்மவுத்திலும் ஆண்மீன்தான் சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையைக் காக்கும். அதைத் தூக்கிய சில நிமிடங்களில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். அதனால் ஒன்டாரியோவின் பல பகுதிகளில் ஜூன் வரை பாஸ் பிடிக்கத் தடை. இங்கே நமக்கு நாமே தடை போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பத்துப்பையன் எழுதியது:
ஐயா சொன்னதோடு ஒன்று: மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள் மாட்டுங்கள், நிமிராது. உள்பக்கக் கூர்ப்பை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனை விடுவதும் சுலபம். செபராவ் களைத்துப்போய்விடும்; கையை நனைத்துக்கொண்டு, நீரோட்டத்தை நோக்கி நிமிர்த்திப் பிடியுங்கள். அதுவாக வாலை அடித்துப் போகட்டும்.

லிந்தாங்சாலை எழுதியது:
நன்றி ஐயா, நன்றி தம்பி. இன்று காலை வேலை முடிந்து வரும் வழியில் ஈயக்குட்டையில் நின்றேன். கம்பு மோட்டார் சைக்கிளிலேயே இருந்தது, எடுக்கவில்லை. கூட்டம் அல்லிக்கொடி ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஐயா சொன்ன அதே தூறல். நான்கு லூரிலும் முள்ளின் உள்பக்கக் கூர்ப்பை நசுக்கிவிட்டேன். ஞாயிறு விடியலில் ஓடைவாய்க்குப் போகிறேன்.