மறுமொழி: பழைய நிலப்படங்களில் வரும் ‘கல்ச்சர்’, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பின் நண்பர்களே,

> ‘பண்பாட்டு அடுக்கு’ என்றே வைத்துக்கொள்வோமே. அகராதியில் அதுதானே இருக்கிறது?

அகராதியில் இருக்கிறது, சரி. படத்தில் ஒட்டவில்லையே! அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய படங்களில் நீர் நீலம், மேடுபள்ளம் பழுப்பு. ஊர், வீடு, சாலை, ரயில் பாதை, எல்லைக்கோடு எல்லாம் கறுப்பு. இந்தக் கறுப்புக்குத்தான் ‘கல்ச்சர்’ என்று பெயர். அந்தக் காலத்தில் நிறத்துக்கு ஒரு செப்புத் தகடு செதுக்கி அச்சடித்தார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரிக் கிழக்குக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1900களின் தொடக்கப் படத்தில் ரோமுலஸ் என்ற ஊர்ப்பக்கம் சாலையோரமெல்லாம் பொடிப் பொடியாகக் கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீடு, பெரும்பாலும் பண்ணை வீடு. 1941இல் ராணுவக் கிடங்குக்காக அங்கே 10,000 ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள், குடும்பங்கள் வெளியேறின. மறு ஆண்டு ஏரிக்கரையிலேயே சாம்ப்சன் கடற்படைப் பயிற்சி நிலையம் வந்தது. பிந்தைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், ஏரியும் சமஉயரக் கோடுகளும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. வீட்டுச் சதுரங்கள் இருந்த இடத்தில் வெடிமருந்துக் கிடங்குகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இதைப் போய் ‘பண்பாட்டு அடுக்கு மாறியது’ என்று எழுதினால் படிப்பவர் வேறு எதையோ நினைப்பார்.

இன்னொருவர் சொன்ன ‘செயற்கைக் கூறு’ பரவாயில்லை. ஆனால் கால்வாயும் செயற்கைதான், அதை நீலத்தில் அல்லவா அச்சடிக்கிறார்கள்? ‘மனித ஆக்கம்’ என்றாலும் இதே சிக்கல்.

நான் முன்வைப்பது குடிக்கூறு. குடியிருப்பு, குடியேற்றம், குடிபெயர்தல் என்று நாம் புழங்கும் ‘குடி’தான். வீடும் சாலையும் ஊரெல்லையும் இதற்குள் இயல்பாக அடங்கும். நிலக்கூறு, நீர்க்கூறு, குடிக்கூறு என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்கும் மனதில் நிற்கும். ‘குடிக்கூற்று அடுக்கு’, ‘குடிக்கூற்றுத் தகடு’ என்று தொடர்களும் தடையில்லாமல் வருகின்றன. மதுக்குடி நினைவுக்கு வரும் என்ற அச்சம் வேண்டாம். ‘குடியரசு’ என்னும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிந்தைய படங்களில் காட்டோடு சேர்த்துப் பழத்தோட்டத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் பச்சையில் காட்டுகிறார்கள். செனகா கரைச் சரிவுகளில் திராட்சை நிறைய. ‘பயிர்க்கூறு’ என்றால் காடு விடுபட்டுப்போகும். ‘தாவரக்கூறு’ போதுமா? வேளாண்மைத் துறை நண்பர்கள் சொல்லுங்கள்.